காக்கிச் சட்டைக்காரரின் வரி

ஜெபராணி பாட்டு கட்டிப் பாடுகிறவள். பங்க் ராக் கிட்டாரின் அலறலை நடவுப் பாட்டு மெட்டோடு சேர்த்துப் பாடுவாள். போராட்டம் நடக்கிற ஊர்களிலெல்லாம் அவளைக் கூப்பிட்டார்கள்.

அவளுடைய சீடர் இசக்கிமுத்து அவளைவிடப் பத்து வயது மூத்தவர். துறைமுக வேலை போன பிறகு பாட வந்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அப்போது ஒரு சாய ஆலையின் கழிவு ஊர்க் கிணறுகளில் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஆலை வாசலில் கூடிப் பாடினார்கள். பாட்டில் ஒரு வரி இசக்கிமுத்து எழுதியது. வாசல் காவலாளியை, எலும்புக்கு வாலாட்டும் காக்கிச் சட்டை நாய் என்றது அது. அந்த வரிக்குத்தான் விசில் பறக்கும். கம்பிக் கதவுக்கு உள்ளே நின்ற காவலாளி தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, முன்வரிசையில் ஒரு பெண் எல்லா வரிகளையும் கூடவே பாடுவதை ஜெபராணி கவனித்தாள். அந்த வரி வந்ததும் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் ஜெபராணி அவளிடம் போனாள்.

“அந்த எடத்துல மட்டும் ஏங்க்கா நிறுத்திட்டீங்க?”

“அது எங்க வீட்டுக்காரரு தாயி.” அவள் பெயர் பிச்சம்மாள். “எங்க கெணறும்தான் பாழாப் போச்சு. உங்க பாட்டு எனக்கும் சேத்துதான். அந்த ஒத்த வரிக்குத்தான் வாய் தெறக்க மாட்டேங்கு.”

அடுத்த வாரம் ஜெபராணி அந்த வரியை விட்டுவிட்டுப் பாடினாள். அந்த வரி வேணும் என்று கூட்டம் கத்தியது. “பயந்துட்டியா?” என்று ஒரு குரல் வந்தது.

இசக்கிமுத்துவின் முகம் சிவந்துவிட்டது. “சனங்க கேக்குற வரிய ஏன் டீச்சர் வெட்டுதீங்க?”

ஜெபராணி கிட்டாரை மேடையிலேயே வைத்தாள். கீழே இறங்கி, மைக்கைப் பிச்சம்மாள் கையில் கொடுத்தாள்.

“அந்த எடத்துல என்ன வரணும்னு நீங்களே பாடுங்கக்கா.”

பிச்சம்மாள் மைக்கை வாங்கினாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துப் பாடினாள்.

கெணத்துல தொவச்ச காக்கிச் சட்ட
மஞ்சளாக் காயுது கொடியில – அத
மாட்டிக்கிட்டுப் போற மனுசனுக்கும்
புண்ணு வெடிக்குது முதுகுல

விசில் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. கதவுக்கு உள்ளே காவலாளி தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஜெபராணி கிட்டாரை எடுத்தாள். அந்த நான்கு அடிகளையும் திரும்பப் பாடினாள். இதுவரை அப்படி அவள் பாடியதில்லை. தொண்டை கிழிந்தது. ஊரே சேர்ந்துகொண்டது. இசக்கிமுத்துவும் பாடினார்.

கூட்டம் கலைந்த பின் இருவரும் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இசக்கிமுத்து கேட்டார்.

“அந்த வரி போனா பாட்டுல உள்ள கோபமும் போயிரும்னு நெனச்சேன். நீங்க முன்னைவிடக் கத்திப் பாடுனீங்களே, ஏன் டீச்சர்?”

ஜெபராணிக்குக் குரல் கம்மியிருந்தது.

“நம்ம ஆள் ஒருத்தர் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்காரே அண்ணாச்சி. அவருக்கும் எட்டணும்லா.”