ஐம்பதும் எழுபத்துநான்கும்

பாபநாசத்து மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம் உண்டு. அதில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு அறுபத்திரண்டு. முதல்முறை வருகிறவர்கள் தவறாமல் சீடர் காலில் விழுந்துவிட்டு, விவரம் தெரிந்ததும் அசடு வழிவார்கள். சீடரும் அதைத் தடுக்கப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

குரு செண்பகவல்லி. மடம் அவருடைய அப்பா கட்டியது. அப்பா போன பிறகு அந்த இடத்தில் உட்கார ஆள் கிடைக்காமல் மகளை உட்கார வைத்தார்கள். ஏதோ ஒப்புக்கு உட்காருவார் என்று நினைத்தார்கள். அவர் நன்றாகவே உட்கார்ந்துவிட்டார். பேச்சு குறைவு, கோபம் கொஞ்சம் அதிகம். எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடர் உலகநாதன், மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனம் அடங்க வழி தேடி வந்திருப்பதாகச் சொன்னார். வந்து பதினான்கு மாதமாகிவிட்டது. மனம் அடங்கியதோ இல்லையோ, அவருடைய எண் நன்றாக அடங்கியிருந்தது.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பிறந்த தேதிப்படி நமக்கு ஒரு வயது என்றால், உடம்புக்குள்ளே வேறொரு வயது ஓடிக்கொண்டிருக்கிறதாம். விரல் நுனியில் குத்தி நாலு சொட்டு ரத்தத்தை ஓர் அட்டையில் காயவைத்து பெங்களூருக்கு அனுப்பினால், மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் ரசாயனக் குறிகளை ஆராய்ந்து, உங்கள் உடம்புக்கு இத்தனை வயது என்று எழுதி அனுப்புகிறார்கள். உலகநாதன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரலைக் குத்திக்கொள்வார். ஐம்பத்தெட்டில் ஆரம்பித்தது, ஐம்பத்தாறு, ஐம்பத்துநான்கு, ஐம்பத்திரண்டு என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் குருவிடம் ஓடிவந்து சொல்வார். செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அந்த எண்ணை இறக்க உலகநாதன் பட்ட பாட்டில் பாதியை மடமும் சேர்ந்து பட்டது. சூரியன் மறைந்தபின் சாப்பிட மாட்டார். அதனால் சமையற்காரி அவருக்கு மட்டும் நாலு மணிக்கே அடுப்பு மூட்ட வேண்டும். அடுப்புப் புகை ஆகாது என்று சமையற்கட்டுப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டார். மடத்தில் இரவு எல்லோரும் கூடிப் பாடும்போது சேர மாட்டார், அது தூக்க நேரம். யாராவது மனபாரத்தோடு வந்து குருவின் முன்னால் உட்கார்ந்து அழுதால், மெல்ல எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். பிறர் துயரத்தைக் கேட்டால் நாடி ஏறுகிறது என்று அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் சொல்லியிருந்தது.

"அண்ணாச்சி, இதை விட்டுத் தொலைங்க" என்று செண்பகவல்லி இரண்டு முறை சொல்லியிருந்தார். உலகநாதன் "சரி சாமி" என்று சொல்லி, அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது?

கார்த்திகை மாதம் ஒருநாள் காலை. செண்பகவல்லி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஓடினால் மூட்டு தேயும் என்று சொல்கிற உலகநாதன், கையில் இரண்டு தாள்களோடு ஓடி வந்தார்.

"சாமி, அம்பது!"

செண்பகவல்லி நிமிரவில்லை.

"அம்பது, சாமி. பன்னெண்டு வருஷம் குறைஞ்சிருக்கு."

"கேட்டுது."

"அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. என் தம்பிக்கும் பாத்தேன். அவனுக்கு எழுபத்துநாலு!"

கீரை உருவிய கை நின்றது. "தம்பி உங்களைவிட எத்தனை வயசு இளையவரு?"

"இருபது நிமிஷம்."

செண்பகவல்லி இப்போதுதான் அவரைப் பார்த்தார். "ரெட்டைப் பிள்ளையளா?"

"ஆமா சாமி. ஒரே கரு, ரெண்டாப் பிரிஞ்சது. சின்ன வயசுல எங்க அம்மாவே ஆள் தெரியாம ஒருத்தனுக்கே ரெண்டு தடவை எண்ணெய் தேச்சு விட்டிருக்கா." உலகநாதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "நான் எல்லாம் செய்யுதேன். பட்டினி, நடை, குளிர்ந்த தண்ணிக் குளியல், நேரத்துக்குத் தூக்கம். தம்பி தெய்வநாயகம் ஒண்ணும் செய்யதில்லை. ஒரே ரத்தம், ரெண்டு வாழ்க்கை. எனக்கு அம்பது, அவனுக்கு எழுபத்துநாலு. இதைவிடச் சுத்தமான சோதனை உலகத்துல எங்க கிடைக்கும் சாமி?"

"அவரு ரத்தத்தை எப்ப எடுத்திய?"

"போன மாசம் வீரவநல்லூர்ல தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன்லா, அப்பம். ஒரு மணி நேரம் இருந்தேன்."

"அம்மா இருக்காவளா?"

"இருக்கா. எம்பத்தெட்டு. இடுப்பெலும்பு முறிஞ்சு ஆறு வருஷமா படுக்கையில."

"யாரு பாக்கா?"

"அவன்தான். அவன் சம்சாரம் முன்னாலேயே போயிட்டா. பிள்ளை கிடையாது."

"நீங்க அம்மா பக்கத்துல உக்காந்தியளா?"

"கும்பிட்டுட்டு வந்தேன். அந்த மருந்து வாடை எனக்கு ஒத்துக்கிடாது, சாமி."

செண்பகவல்லிக்கு வாய்வரை ஒரு சொல் வந்தது. குரு வாயிலிருந்து வரக்கூடிய சொல் அல்ல. கீரையோடு சேர்த்து அதையும் கிள்ளிப் போட்டார்.

உலகநாதன் இரண்டாவது தாளை நீட்டினார். "தம்பி நிலைமையைப் பாத்தா மனசு கேக்கலை. அவன் உருப்பட வழி எழுதியிருக்கேன். சாமி ஒரு கையெழுத்துப் போட்டா மதிச்சுச் செய்வான்."

தாளில் அழகான கையெழுத்தில் பதினொரு கட்டளைகள். செண்பகவல்லி முதல் கட்டளையை உரக்க வாசித்தார். "இரவு ஒன்பது முதல் காலை ஐந்தரை வரை இடைவிடாத உறக்கம்." தாளை மடியில் வைத்துக்கொண்டார். "தம்பிக்குப் போன் போடுங்க. நேத்து ராத்திரி எப்படித் தூங்கினாருன்னு கேளுங்க. நான் கேக்கணும், சத்தமா வைங்க."

"இப்பமா?"

"இப்பத்தான்."

நாலாவது மணியில் எடுத்தார்கள். "அண்ணே! சொல்லு" என்றது குரல். உலகநாதனின் குரலேதான், கொஞ்சம் மூச்சிரைப்போடு.

"தெய்வம், நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே? எத்தனை தடவை முழிச்சே?"

எதிர்ப்புறம் சிரித்தது. "என்னண்ணே, பரீட்சை வைக்கே? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கணும்லா. விட்டா முதுகு புண்ணாகிரும். ஆறு வருஷத்துல ஒரு சின்னப் புண்ணு கிடையாது, தெரியுமா? அன்னைக்கு வந்த நர்ஸம்மா அசந்து போயிட்டாவ." அவர் குரலில் அப்படி ஒரு பெருமை. "அது கிடக்கட்டும், உன் எண்ணு வந்துட்டா?"

"வந்துட்டு. அம்பது."

"அடி சக்கை! அம்மா, கேட்டியா, அண்ணனுக்கு உடம்பு வயசு அம்பதாம்!" உள்ளே யாரோ ஏதோ கேட்கும் சத்தம் வந்தது. "அம்மாவுக்குச் சந்தோசம். எனக்கு எத்தனைண்ணே?"

உலகநாதன் குருவைப் பார்த்தார். குரு வேறெங்கும் பார்க்கவில்லை.

"எழுபத்துநாலு, தம்பி."

"சரியாத்தான் சொல்லுதான் பெங்களூர்க்காரன்" என்று தெய்வநாயகம் மறுபடி சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, என் குடலிறக்க ஆபரேஷன் விஷயம். டாக்டர் இனி தள்ளிப்போடாதேங்காரு. செஞ்சா மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாதாம். அம்மாவைப் பாத்துக்கிட நீ வருவியான்னு கேட்டிருந்தேன். நீ சொன்னாத்தான் தேதி வாங்கலாம். அவசரம் இல்ல, உனக்குத் தோதுப்பட்டா சொல்லு. அம்மா கூப்பிடுதா, வைக்கேன்."

செண்பகவல்லி அடக்கி வைத்திருந்த கோபம் இப்போது குரலில் ஏறிவிட்டது.

"எப்பக் கேட்டாரு?"

"ஆடியில."

"இது என்ன மாசம்?"

"கார்த்திகை." உலகநாதன் வேட்டி நுனியைச் சரிசெய்தார். "யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் சாமி. முதல்ல அவன் உடம்பை இந்த முறைப்படி தேத்திட்டா, பிறகு ஆபரேஷன்..."

"அண்ணாச்சி, கூட்டுங்க."

"எதை சாமி?"

"அம்பதையும் எழுபத்துநாலையும்."

"நூத்தியிருபத்துநாலு."

"ரெண்டால வகுங்க."

"அறுபத்திரெண்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அண்ணன் தம்பி இருவருக்கும் பிறந்த தேதிப்படி அதுதான் வயது.

செண்பகவல்லி மறுபடி கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தார். ஒரு கொத்து முடிந்தது, இரண்டு கொத்து முடிந்தது. உலகநாதன் முப்பத்தைந்து வருஷம் அளவுகளோடு குடித்தனம் நடத்தியவர், அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுவாரா?

"இது தற்செயல், சாமி. ரெண்டே பேரை வச்சு சராசரி எடுத்தா அது கணக்காகாது."

"ஆகாதுதான்" என்றார் செண்பகவல்லி.

அவர் இவ்வளவு சீக்கிரம் எதையும் ஒத்துக்கொள்கிறவர் அல்ல. உலகநாதனுக்குத் தெம்பு வந்தது. "இதுல நூறு காரணம் இருக்கலாம். சோதனைன்னா முறையாச் செய்யணும்."

"முறைன்னா எப்படி? ரெண்டு மீட்டர் வேற வேற அளவு காட்டினா உங்க ஆபீஸ்ல என்ன செய்விய?"

"மாத்திப் போட்டுப் பாப்போம். இங்க இருக்கறதை அங்க, அங்க இருக்கறதை இங்க. அப்பத்தான் கோளாறு மீட்டர்லயா, லைன்லயான்னு..." சொல்லச் சொல்லவே அவருக்கு விளங்கிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நல்ல முறையா இருக்கே" என்றார் செண்பகவல்லி. "மாத்திப் போடுவோம். தம்பி ஆபரேஷனை முடிச்சுட்டு இங்க வரட்டும். உங்க ரூம்ல, உங்க கட்டில்ல படுத்து ஒன்பது மணிக்குத் தூங்கட்டும். நாலு மணிக்கு அவருக்குச் சோறு ஆக்கிப் போடுவோம், நமக்குத்தான் பழகிப் போச்சே. நீங்க வீரவநல்லூர்ல அம்மாகிட்ட இருங்க. மூணே மாசம். பிறகு ரெண்டு பேரும் விரலைக் குத்துங்க. வாரதை நான் ஒத்துக்கிடுதேன். உங்க பக்கம் வந்துட்டா, இந்தத் தாள்ல கையெழுத்து என்ன, மடத்துச் சுவர்லயே எழுதிப் போடுதேன்."

உலகநாதன் தாளைப் பார்த்தார். தோட்டத்தைப் பார்த்தார். அழுகிறவர்கள் வரும்போது அவர் எழுந்துபோகிற அதே தோட்டம். ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் குரு என்ன செய்வார் என்று பயமாக இருந்திருக்கலாம். கால் வரவில்லை என்பதும் உண்மைதான்.

"சாமி" என்றார் கடைசியில். "அங்க போனா என் எண்ணு ஏறிருமே."

செண்பகவல்லி கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். பதினான்கு மாதத்தில் இந்த மனிதர் மேல் எத்தனையோ முறை எரிச்சல் வந்திருக்கிறது. இப்போது என்னவோ அது வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

"ஏன் ஏறணும்?" என்றார். "பட்டினி அங்கயும் கிடக்கலாம். தண்ணி அங்கயும் குளிரும். நடக்கதுக்கு வீரவநல்லூர்ல ரோடு இல்லாமலா போயிட்டு? இதெல்லாம் செஞ்சுதான் குறைஞ்சதுன்னு இப்பத்தானே சொன்னிய?"

உலகநாதன் பட்டினி, தண்ணி, நடை என்று ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"பிறகு எதனால ஏறும்? சொல்லுங்க, அண்ணாச்சி."

உலகநாதன் அவர் மடியிலிருந்த தாளை எடுத்து, 'இடைவிடாத உறக்கம்' என்ற முதல் கட்டளையின் மேல் விரலை வைத்தார்.