பொன்னலகி பூசிய சுவர்

மேற்கு மலைக் காட்டில், ஒரு குங்கிலிய மரத்தின் உச்சிப் பொந்தில் பொன்னலகி என்னும் இருவாச்சிப் பறவை குடி புகுந்தாள். நாம் பால் காய்ச்சிக் குடி போவது போல அல்ல. உள்ளே போய் உட்கார்ந்து, தன் வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டாள்!

இருவாச்சிக் குலத்தின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் நுழையும். மண்ணும் எச்சமும் பழச்சக்கையும் குழைத்து வாசலை மூடும். அலகு நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டு வைக்கும். அந்தக் கீற்று வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். உள்ளே இருப்பவளின் சிறகெல்லாம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். முட்டை பொரிந்து, குஞ்சு தேறி, சிறகு வளர்ந்த பிறகுதான் வெளியே வர முடியும். அதுவரை மாதக்கணக்கில் வீட்டுக்காவல்தான்.

பொன்னலகிக்கு இது முதல் பிரசவம். கணவன் நெடியனுக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

"உள்ளே தனியா இருந்துடுவியா?" என்று கேட்டான்.

"எனக்கென்ன! உட்கார்ந்த இடத்துக்குப் பழம் வரப்போகுது. நீங்க அழுகலா இல்லாமப் பார்த்துப் பறிச்சுட்டு வாங்க, அது போதும்!" என்றாள் பொன்னலகி.

முதல் சில நாட்கள் அப்படித்தான் போயின. அத்திப்பழம் வந்தது, நாவல் பழம் வந்தது. தின்றாள், தூங்கினாள், முட்டையைப் புரட்டி வைத்தாள். மறுபடியும் தூங்கினாள். சும்மா இருப்பதே சுகம் என்று சொன்னவர்கள் யாரும் மரப்பொந்துக்குள் இருந்து பார்த்ததில்லை. சீக்கிரமே அவளுக்குப் பொழுது போகவில்லை. இது காலையா மாலையா என்பதே மறந்து போனது. நெடியன் வந்தால் பழத்தைக் கொடுத்துவிட்டு உடனே பறந்துவிடுவான். அவனும் என்ன செய்வான், பழுத்த மரம் எங்கோ இரண்டு மலை தாண்டி இருந்தது.

அப்போதுதான் எதிர்க்கிளைக்குக் கரிச்சான் வந்தான்.

கரிச்சான் என்றால் நீள வால் கரிச்சான். காட்டில் எந்த விலங்கின் குரலையும் அப்படியே கூவிக் காட்டுவான். அவனுக்கு ஒரே ஒரு குறை. கேட்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் பாதிப் பேச்சிலேயே பறந்துபோய்விடுவார்கள். பறக்கவே முடியாத ஓர் ஆள் கிடைத்ததும், வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்தது போலாயிற்று.

"அக்கா! சேதி தெரியுமா?"

"என்ன தம்பி?"

"மேலாத்துப் பக்கம் கழுகு வந்திருக்காம்! ஒரு குரங்குக் குட்டியை அலாக்காத் தூக்கிட்டுப் போயிடுச்சாம். குட்டி எப்படிக் கத்துச்சாம் தெரியுமா? இப்படி!"

அவன் கத்திக் காட்டிய கத்தலில் பொன்னலகியின் கழுத்து மயிர் குத்திட்டு நின்றது.

"ஐயோ! அப்புறம்?"

"அப்புறம் என்னாச்சுன்னு கேட்டுட்டு வந்து சொல்றேன். எங்கேயும் போயிடாதீங்க!" என்று சொல்லிவிட்டுப் பறந்தான். அவள் எங்கே போவாள்?

அன்றிலிருந்து அவன் நாளெல்லாம் வந்தான். கழுகு முடிந்தால் பாம்பு. பாம்பு முடிந்தால் மரநாய். ஒவ்வொன்றுக்கும் குரல் உண்டு, நடிப்பு உண்டு. பேனைப் பெருமாளாக்குவது அவனுக்குக் கைவந்த கலை. கேட்கக் கேட்கப் பொன்னலகிக்குக் குலை நடுங்கியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவன் வரக் கொஞ்சம் தாமதமானால், கீற்றில் கண்ணை வைத்துத் தேடினாள்.

"அக்கா, இன்னிக்குச் சேதி ரொம்ப மோசம். மரநாய் பொந்துக்குள்ள கையை விட்டு முட்டையை எடுக்குதாம்! வாசல் கொஞ்சம் அகலமா இருந்தாப் போதுமாம்!"

அவன் போனதும் பொன்னலகி தன் வாசலைப் பார்த்தாள். நேற்று வரை கீற்றாக இருந்தது இன்று பெரிய கதவு போலத் தெரிந்தது. அலகுக்குக் கிடைத்த பழத்தை மென்றாள். விழுங்கவில்லை. எச்சத்தோடு குழைத்து வாசலில் ஒரு பூச்சுப் பூசினாள்.

மறுநாள் இன்னொரு சேதி, இன்னொரு பூச்சு. தின்ன வேண்டிய பழமெல்லாம் சுவரில் ஏறியது. அவள் மெலிந்தாள். கண்ணை மூடினால் குரங்குக் குட்டியின் கத்தல் கேட்டது. ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துப்போனது.

நெடியன் ஒரு நாள் கேட்டான்: "என்ன, வாசல் குறுகின மாதிரி இருக்கே?"

"உங்க அலகு பெருத்துப்போச்சு!"

"பழம் சுமக்கிற எனக்கு அலகு தேயணுமே ஒழிய எப்படிப் பெருக்கும்?"

"வாயாடாதீங்க. நீங்க பழம் கொண்டு வர வேண்டாம். இங்கேயே காவல் இருங்க. மரநாய் வருது, கழுகு வருது, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலை!"

"நான் காவல் இருந்தா ரெண்டு பேரும் பட்டினிதான் கிடக்கணும்," என்று சொல்லிவிட்டு நெடியன் பறந்தான். பொன்னலகிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னொரு பூச்சுப் பூசினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கோ வெளிச்சமே பேயாகத் தெரிந்தது.

அந்த இருட்டிலேதான் முட்டை பொரிந்தது.

குஞ்சு வெளியே வந்ததும் வாயைப் பிளந்தது. பசி! நெடியனுக்குக் குரல் கேட்டுவிட்டது. மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் இரண்டு மலை தாண்டிப் போய், தொண்டை நிறைய அத்திப்பழம் கொண்டு வந்தான். ஒரு பழத்தை அலகு நுனியில் எடுத்து வாசலில் வைத்தான்.

பழம் நுழையவில்லை.

திருப்பி வைத்தான். அழுத்தினான். பழம் நசுங்கிக் கீழே விழுந்தது. இன்னொன்று வைத்தான், அதுவும் விழுந்தது. மரத்தடியில் பழங்கள் குவிந்தன, பூச்சிகள் மொய்த்தன. கரிச்சான் இறங்கி வந்து பூச்சிகளைப் பிடித்துத் தின்றான். அவன் சூது செய்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் அவனுக்கு வயிறு நிறைந்தது.

உள்ளே குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. சுவரில் கசிந்து வந்த சாற்றைப் பொன்னலகி அலகால் தொட்டு அதன் வாயில் வைத்தாள். அது எந்த மூலைக்கு? பொழுது சாயச் சாய குஞ்சின் குரல் மெலிந்தது. கடைசியில் வாயை மட்டும் திறந்தது, சத்தம் வரவில்லை.

பொன்னலகி குஞ்சைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

'கழுகு வரவில்லை. மரநாய் வரவில்லை. என் குஞ்சைப் பட்டினி போட்டது நான் பூசிய இந்தச் சுவர்தானே!' என்று நினைத்தாள்.

எழுந்து சுவரைக் கொத்தினாள். சுவர் கல்லாகக் காய்ந்திருந்தது. கழுத்தில் வலுவில்லை, கால் நிற்கவில்லை. நாலு கொத்துக் கொத்துவதற்குள் சாய்ந்து விழுந்தாள்.

"என்னங்க!" என்று கதறினாள். "முழுசா இடிச்சுடுங்க! எனக்கு இந்தப் பொந்தே வேண்டாம். நான் வெளியே வந்துடறேன்!"

நெடியன் கீற்றருகே வந்தான்.

"வெளியே வந்து? சிறகு முளைக்காம எப்படிப் பறப்பே? குஞ்சை எங்கே வைப்பே?"

"அப்போ இப்படியே சாகச் சொல்றீங்களா?"

"யார் சொன்னா? நம்ம குலத்துப் பொம்பளைங்க எல்லாரும் உள்ளே இருந்துதானே வந்தாங்க. நீயும் இரு. பழம் நுழையற அளவுக்கு வழி இருந்தாப் போதும். நீ உள்ளேயிருந்து கொத்து. நான் வெளியேயிருந்து கொத்தறேன். முடியாதப்போ நிறுத்து, நான் பேசிட்டு இருக்கேன்."

இருவரும் கொத்தினார்கள். அவள் களைத்தபோது அவன் பேசினான். மூங்கில் பள்ளத்தில் யானைக்கூட்டம் வந்து குளித்ததைச் சொன்னான். ஒரு குட்டி யானை சேற்றில் சறுக்கி உட்கார்ந்த கதையைச் சொன்னபோது, பொன்னலகி அத்தனை துக்கத்திலும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் கழுத்தில் கொஞ்சம் வலு வந்தது. மறுபடி கொத்தினாள்.

இருட்டுவதற்குள் ஒரு பொருக்கு உதிர்ந்தது. அந்தி வெளிச்சம் உள்ளே விழுந்தது. பின்னாலேயே ஓர் அத்திப்பழம் வந்தது.

பொன்னலகி அதைப் பிய்த்துக் குஞ்சின் வாயில் வைத்தாள். குஞ்சு விழுங்கியது. இன்னொரு வாய். இன்னொன்று. பிறகு அதற்குச் சத்தம் திரும்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நெடியன் கிளையில் இப்படியும் அப்படியும் குதித்தான்.

"எனக்கும் ஒரு பழம் கொடுங்க," என்றாள் பொன்னலகி. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் தனக்கென்று கேட்டாள்.

அதன்பின் அவள் சோம்பி ஒடுங்கவில்லை. காலை வெயில் கீற்று வழியாக விழுந்ததும் எழுந்துவிடுவாள். குப்பையைத் தள்ளி வெளியே எறிவாள். பொந்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடப்பாள். முளைத்தும் முளைக்காத சிறகை விரித்து அடிப்பாள். அதைப் பார்த்துக் குஞ்சும் தன் மொட்டைக் கையை ஆட்டும். வேளைக்குச் சாப்பிட்டாள். இருட்டினால் தூங்கினாள். நெடியனும் பழத்தைக் கொடுத்த கையோடு ஓடாமல், சற்று நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனான். சில நாள் அவளுக்கு மனம் கனத்துக் கிடக்கும். அப்போது, "இன்னிக்கு எனக்குச் சரியில்லீங்க," என்று வாய்விட்டுச் சொல்வாள். "சரி, நானும் இங்கேயே கொஞ்ச நேரம் இருக்கேன்," என்பான் நெடியன்.

கரிச்சான் வழக்கம்போல வந்தான்.

"அக்கா! சேதி தெரியுமா? பயங்கரமான..."

"தம்பி, நீ கண்ணால பார்த்தியா?"

"இல்லே. குக்குறுவான் சொன்னதா மரங்கொத்தி சொல்லுச்சு."

"அப்போ வேண்டாம். நீ உன் கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லு. அதுவும் சாயங்காலம் ஒரு தடவை வந்து சொன்னாப் போதும்."

"நான் கண்ணால பார்த்தது ரெண்டு தட்டாம்பூச்சிதான் அக்கா," என்றான் கரிச்சான் பரிதாபமாக.

"அது எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லேன்!"

ஒரு நடுப்பகல். நெடியன் பழத்துக்குப் போயிருந்தான். கரிச்சான் ஓடைப் பக்கம் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தான். எங்கிருந்தும் ஓர் அபாயக் குரல் எழவில்லை. பொன்னலகி குஞ்சைத் தூங்க வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

மரத்தில் சரக் சரக் என்று நகம் உரசும் ஓசை கேட்டது.

நெஞ்சு ஒரு முறை படபடத்தது. பயம் இல்லாமல் இருக்குமா? ஆனால் முன்பு போல உடம்பு உதறவில்லை. குஞ்சை மெல்ல முதுகுப் பக்கம் தள்ளினாள். கால்களை அகட்டி ஊன்றினாள். கீற்றுக்கு நேராக அலகை வைத்துக் காத்திருந்தாள்.

மரநாயேதான்! வாசலை முகர்ந்தது. "உள்ளே இளங்குஞ்சு வாசனை வருதே!" என்று தனக்குள் முனகிக்கொண்டது. பிறகு கீற்றுக்குள் கையை விட்டது.

பொன்னலகி ஓங்கிக் கொத்தினாள்! தினமும் நடந்த கால் அசையாமல் நின்றது. தினமும் சிறகடித்த தோளின் வலுவெல்லாம் அலகில் இறங்கியது. மரநாய் கையை இழுப்பதற்குள் இன்னொரு கொத்து விழுந்தது. "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு அது மரத்தில் சறுக்கிக் கீழே போய் விழுந்தது. எழுந்து, மூன்று காலில் நொண்டிக்கொண்டு ஓடி மறைந்தது.

குஞ்சு கண் விழித்து, வழக்கம்போல வாயைப் பிளந்தது.

சற்று நேரம் கழித்துக் கரிச்சான் மூச்சிரைக்க வந்தான்.

"அக்கா! அக்கா! மரநாய் இந்தப் பக்கம் வருதாம்! ஜாக்கிரதையா இருங்க!"

"வந்துச்சு தம்பி. வாங்கிக் கட்டிக்கிட்டுப் போயிடுச்சு."

கரிச்சான் கிளையில் நெருங்கி உட்கார்ந்து, "அது எப்படிக் கத்துச்சு அக்கா? கொஞ்சம் கத்திக் காட்டுங்களேன்!" என்று கெஞ்சினான்.

பொன்னலகி கத்திக் காட்டினாள். காடே அதிர்ந்தது. பழத்தோடு வந்துகொண்டிருந்த நெடியன் பதறிப்போய்ப் பாதிப் பழத்தைக் கீழே போட்டுவிட்டான்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அவளுக்குச் சிறகு முழுதாக வளர்ந்துவிட்டது. ஒரு காலையில், தேறிவிட்ட குஞ்சைப் பொந்தில் நெடியன் காவலில் விட்டு, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நெடியன் பக்கத்துக் கிளையில் பதைப்போடு நின்றான். அடைந்து கிடந்த பறவை முதல் நாளே பறக்காது, கிளைகிளையாகத் தத்தித்தான் போகும் என்று நினைத்திருந்தான். பொன்னலகி சிறகை விரித்தாள். ஒரே வீச்சில் பள்ளத்தாக்கைத் தாண்டி, எதிர்மலை அத்தி மரத்தில் போய் அமர்ந்து, குஞ்சுக்கு முதல் பழத்தைப் பறித்தாள்.

வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம் வந்தால் ஆபத்துக்குக் கதவைச் சாத்தலாம். ஆனால் வேளைக்கு உணவும், உடம்புக்கு அசைவும், மனத்துக்குப் பிரியமானவர்களின் பேச்சும் வந்து சேர வழியை ஒருநாளும் அடைக்கக் கூடாது.