அக்கரை ராஜா அனுப்பிய வெடைக்கோழிகள்

மருதக்குறிச்சி ராஜா பூவராக பூபதிக்குக் கோபம் முதலில் வரும். காரணம் பின்னால்தான் வரும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. காரணம், எதிரே வெள்ளித்தட்டில் கிடந்த முட்டைகள்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ராஜாவோடு தலைமுறைச் சண்டை. அப்போதுதான் ஒருவழியாகச் சமாதானம் ஆகியிருந்தது. அதற்கு அடையாளமாக அக்கரை ராஜா ஒரு கூண்டு நிறைய வெடைக்கோழிகளை அனுப்பியிருந்தார். கொண்டை சிவந்து, இன்றைக்கோ நாளைக்கோ முட்டையிடலாம் என்றிருந்த இளசுகள். அரண்மனையே ஆவலோடு காத்திருந்தது.

வந்ததோ இந்த லட்சணம். ஒரு முட்டை கோலிக்குண்டு அளவு. இன்னொன்று வாத்து முட்டை போலப் பெரிசு. உடைத்தால் உள்ளே இரண்டு கரு. மற்றொன்றுக்கு ஓடே இல்லை. வெறும் தோல். தொட்டால் தொளதொளவென்று ஆடியது.

"மகாராஜா, இது முட்டையில்லை, வசவு!" என்று எழுந்தார் தளபதி கட்டாரிமுத்து. "கோலிக்குண்டு முட்டை என்ன சொல்கிறது? உன் நாடு இத்தனூண்டு! இரட்டைக் கரு? உன் சிம்மாசனத்தில் நானும் உட்காருவேன்! தோல் முட்டை? உன் கோட்டை மதிலை விரலாலேயே அமுக்கிவிடுவேன்!"

சமாதானம் ஆனதிலிருந்து தளபதிக்கு வேலையில்லை. கடைத்தெருவில் நடந்தால் யாரும் ஒதுங்குவதில்லை. முந்தின நாள் ஒரு மோர்க்காரி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெயிலை மறைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டாள். ஒரு போர் வந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"படையைத் திரட்டு!" என்றார் ராஜா.

அப்போது சபையின் ஓரத்திலிருந்து தில்லைவிடங்கர் எழுந்தார். ராஜாவுக்கு யோசனை சொல்வதும் சிரிக்க வைப்பதும் அவர் வேலை. அவர் மனைவி வீட்டில் கோழி வளர்ப்பவள். போன வருஷம் ஒரு தோல் முட்டை அவர் கையிலேயே உடைந்து வேட்டி பாழான கதை அவருக்கு மறக்கவில்லை.

"மகாராஜா, புதுசாக முட்டையிட ஆரம்பிக்கும் வெடைக்கோழி இப்படித்தான் ஏறுக்கு மாறாகப் போடும். கொஞ்ச நாள் பழகினால் சரியாகிவிடும். கோழி தடுமாறியதற்குப் போரா?"

"தளபதி வேறு மாதிரி சொல்கிறாரே."

"தளபதி எந்தக் காலத்தில் முட்டையிட்டார், மகாராஜா?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "சரி. பௌர்ணமி வரை பார்ப்போம். அதற்குள் முட்டை ஒழுங்காகவில்லையென்றால் படை கிளம்பும். முதல் யானைக்கு முன்னால் நீர் நடந்து போவீர். கையில் கத்தி கிடையாது."

விடங்கர் தன் தொந்தியைக் குனிந்து பார்த்தார். யானைக்கு முன்னால் ஓடக்கூடிய உடம்பாக அது தெரியவில்லை.

மறுநாளே கோழிக்கூண்டுப் பக்கம் போனார். காது கிழிந்தது. கூண்டை ஒட்டி முரசுக்காரர்கள் வரிசையாக நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா இது?"

"தளபதி உத்தரவுங்க. பயிற்சியை இனிமே இங்கேதான் வெச்சுக்கணுமாம்."

கோழிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. கூண்டின் அடியில் கிடந்த முட்டைகள் சுருங்கிப்போன பாகற்காய் மாதிரி இருந்தன. தளபதிமேல் புகார் சொன்னால், 'படைக்குப் பயிற்சி வேண்டாமா?' என்று ராஜாவே கேட்பார். விடங்கர் யோசித்துக்கொண்டே சபைக்கு நடந்தார். போய்ச் சேருவதற்குள் முகம் தெளிந்துவிட்டது.

"மகாராஜா, தளபதி சொன்னதுதான் சரியோ என்று தோன்றுகிறது. இந்த முட்டைகளில் எதிரியின் சேதி இருந்தாலும் இருக்கும். அப்படிப்பட்ட கோழிகளைக் கண்டவர்கள் வந்து போகும் இடத்தில் வைக்கலாமா? நாட்டிலேயே பெரிய வீரர் வீட்டில் அல்லவா வைக்க வேண்டும்?"

தளபதி மீசையை முறுக்கினார். புகழ்ச்சி என்றால் அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றாது.

"நல்ல யோசனை. தளபதி வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார் ராஜா.

"ஒரு கோழிக்கு ஏதாவது ஆனாலும், அக்கரை ராஜாவின் பரிசைக் காக்கத் தெரியாத தளபதி என்று ஊர் பேசும்" என்றார் விடங்கர். "அதனால் பொறுப்பும் அவருடையதே."

"ஆமாம், தலையே பொறுப்பு" என்றார் ராஜா. முறுக்கிய மீசை இறங்கியது.

அன்றிலிருந்து தளபதி வீட்டில் முரசும் இல்லை, சத்தமும் இல்லை. தும்மல் வந்தால்கூடத் தளபதி தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மினார். இருமிய சமையல்காரனை ஊருக்கு அனுப்பிவைத்தார். விடங்கரின் மனைவி அவர் சொன்னபடி அங்கே வந்து, முட்டை கெட்டிப்படக் கிளிஞ்சலைப் பொடித்து இரையோடு கலந்து போட்டாள். கோழிகள் தளபதியின் கட்டிலிலேயே ஏறித் தூங்கின. பயத்தில் அவர் தரையில் படுத்துக்கொண்டார்.

பௌர்ணமியும் வந்தது. வெள்ளித்தட்டில் முட்டைகள் வந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். ராஜா ஒன்றை எடுத்து விரலால் தட்டினார். டக் என்றது. உடைத்துப் பார்த்தார். ஒரே கரு, பொன் மாதிரி.

"விடங்கரே, நீர் சொன்னதுதான் சரி. பாவம், பழகாத கோழிகள். நானும் அவசரப்பட்டுவிட்டேன்."

கட்டாரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "ஏமாந்துவிடாதீர்கள், மகாராஜா! இந்த முட்டையிலும் ஏதோ சேதி இருக்கிறது!"

ராஜா விடங்கரைப் பார்த்தார். "இருக்கிறதா?"

விடங்கர் ஒரு முட்டையை எடுத்து, காதருகே வைத்து, மெல்லத் தலையாட்டினார். "தளபதி சொல்வது உண்மைதான், மகாராஜா. சேதி இருக்கிறது. முட்டையைச் சுற்றி ஒரே ஒரு சொல்தான்."

"என்ன சொல்?"

"ஓடு."

"ஓடா? யாருக்குச் சொல்கிறது?"

"அது எனக்குத் தெரியாது, மகாராஜா. ஆனால் முட்டை வந்தது தளபதி வீட்டிலிருந்து."

சபை ஒரு கணம் விழித்தது. அப்புறம் கூரை அதிரச் சிரித்தது. ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, கையிலிருந்த காப்பைக் கழற்றி விடங்கருக்குப் போட்டார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"என்ன தளபதி, சேதியைக் கண்டுபிடித்தவர் நீர். இன்னும் நிற்கிறீரே!"