தேசப்பனைக் குளிப்பாட்டிய நாள்

“நாத்தம் குடலைப் புடுங்குதும்மா. தியானத்துல உட்கார முடியல” என்றார் சபேசன்.

வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றபின் மடத்தில் வந்து சேர்ந்தவர் அவர். குரு தவமணி அம்மாள் அவரைவிட வயதில் இளையவர்.

மடத்தின் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டு முற்றம்வரை வழிந்திருந்தது.

“மெஷின் வண்டிக்குச் சொல்லியிருக்கு. வர்ற வரைக்கும் கக்கூஸுக்குத் தோட்டத்துல குழி வெட்டிக்குங்க. ஆளை இறக்கக் கூடாது” என்றார் அம்மாள்.

“குருபூஜைக்கு ஊரே வருதும்மா.”

“வரட்டும்.”

சபேசனுக்கு மனம் ஒப்பவில்லை. அம்மாள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து தொட்டி அள்ள ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டருக்கு போன் செய்தார்.

தேசப்பனும் அவர் தம்பியும் வந்தார்கள். தேசப்பன் சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு உள்ளே இறங்கினார்.

தம்பி கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. தூக்கப்போன அவரும் உள்ளே விழுந்தார்.

தீயணைப்புக்காரர்கள் வந்து இருவரையும் வெளியே எடுத்தார்கள். தம்பிக்கு மட்டும் மூச்சு இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தேசப்பனின் உடல் வீட்டுக்கு வந்தது. அம்மாளும் சபேசனும் அங்கே போயிருந்தார்கள். குளிப்பாட்ட வேண்டிய தம்பி இன்னும் கண் திறக்கவில்லை.

அம்மாள் வாசலில் இருந்த குடத்தை எடுத்தார். சபேசனைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் ஊத்துறேன். நீங்க தேய்ங்க.”

சபேசன் தேய்த்தார். நகக்கண்ணில் கறுப்பு. மூக்கில் கறுப்பு. பாதியில் எழுந்துபோய் வேலியோரம் வாந்தி எடுத்தார்.

“வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்க. இன்னும் காது இருக்கு.”

வந்தார். துணியின் முனையைத் திரித்துக் காதைத் துடைத்தார்.

முடிந்ததும் சபேசன் தேசப்பனின் மனைவி கன்னியம்மா முன்னால் போய் நின்றார்.

“ஆளைக் கூப்பிட்டது நான்தான். அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன்.”

கன்னியம்மா சோப்பை அவர் பக்கம் தள்ளினார்.

“எவ்ளோ தேய்ச்சாலும் கையில நாத்தம் ரெண்டு நாளைக்குப் போவாது. அதுக்குப் பயந்துகிட்டே எம்பொண்ணுக்குத் தன் கையால ஒரு வாய் சோறு ஊட்டாமப் போயிட்டாரு.”

குருபூஜை நின்றுபோயிருந்தது. மாலையில் மடத்துக்காரர்கள் மட்டும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

இலையில் சோறு விழுந்தது. சபேசன் கையை முகர்ந்து பார்த்தார். கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். பக்கத்து இலைகள் காலியாகிக்கொண்டிருந்தன.

குழம்பு வாளியோடு அம்மாள் வந்தார்.

“ஒரு ஸ்பூன் கிடைக்குமாம்மா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார் சபேசன்.

அம்மாள் அவர் இலையில் குழம்பை ஊற்றினார்.

“கையால சாப்பிடுங்க.”