ஊற்றுக்கண்ணைக் காத்த நீர்க்கோழி

ஞானாபரணம் என்றொரு செங்கால் நாரை இருந்தது. காடு காடாகப் பறந்து போய், ஆண்டவரின் மகிமையை எடுத்துச் சொல்வதே அதன் ஊழியம். அது பேச நின்றால் யானைகூடக் காதாட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். நாரைக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு கோடையில் பருந்து துரத்தி, சிறகில் அடிபட்டு, மருதங்காட்டுக் குளக்கரையில் அது வந்து விழுந்தது. அங்கே குடியிருந்த எப்சிபாள் என்ற நீர்க்கோழி அதை நாணல் நிழலுக்கு நடத்திக்கொண்டு போய், நத்தை பொறுக்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டது.

விடிந்தால் எப்சிபாள் குளத்தின் மேலோரத்துக்குப் போகும். பாறை இடுக்கில் ஓர் ஊற்றுக்கண் இருந்தது. கோடையில் குளத்துக்கு அதுதான் உயிர். மருத இலைகள் விழுந்து விழுந்து அதை அடைக்கும். நீர்க்கோழி ஒவ்வொரு இலையாகக் கவ்வி வெளியே போடும். மறுநாள் பார்த்தால் அதே அளவு இலை மறுபடியும் விழுந்து கிடக்கும்.

இவ்வளவு நல்ல மனசுள்ள பறவை குப்பை பொறுக்கியே காலத்தைக் கழிக்கிறதே என்று நாரைக்குப் பரிதாபமாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டது.

"எப்சிபா, ஆண்டவருக்கென்று பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே இல்லையா?"

நீர்க்கோழி வெட்கப்பட்டது. தனக்குப் பேசத் தெரியாது, உயரப் பறக்கவும் வராது என்றது. பிறகு மெதுவாகச் சொன்னது.

"எனக்கு வர்றது இது ஒண்ணுதான் ஐயா. ஒவ்வொரு இலையை எடுக்கும்போதும், 'ஆண்டவரே, இது உமக்கு'ன்னு சொல்லிக்குவேன்."

நாரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது.

அந்த வாரமே எப்சிபாளின் காலில் முள் ஏறி வீங்கிவிட்டது. எழுந்து நடக்க முடியவில்லை. முதல் இரண்டு நாள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் பச்சைபிடித்து நாறியது. ஒரு புள்ளிமான் குட்டியோடு வந்து, முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் நின்றது. குட்டி தாயின் மடியை முட்டியது. அங்கே பால் வற்றியிருந்தது. இந்தக் குளத்துக்கு என்ன ஆயிற்று என்று மான் கேட்டபோது, பேச்சில் வல்ல நாரைக்கு ஊற்றை அடைக்கும் அந்த இலைகள்தான் நினைவுக்கு வந்தன.

அது சிறகை இழுத்துக்கொண்டு மேலோரத்துக்கு நடந்தது. இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தது. ஐம்பது எடுத்தால் காற்று முப்பதைக் கொண்டுவந்து தள்ளியது. கழுத்து வலித்தது. அலகு எரிந்தது. உச்சிவெயிலில் பாறைக்குள் 'களுக்' என்றது. தண்ணீர் நூல்போல ஓடிவந்தது. மான்குட்டி ஓடிவந்து அந்த நூலிலேயே வாய் வைத்தது.

"ஆண்டவரே, இது உமக்கு," என்றது நாரை. எத்தனையோ காடுகளில் எவ்வளவோ பேசியிருந்தும், அவர் இத்தனை பக்கத்தில் நின்றதாக அதற்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சிறகு ஆறியது. நாரைக்கூட்டம் மேலே வட்டமிட்டுக் கூப்பிட்டது. ஞானாபரணம் போகவில்லை. எப்சிபாள் எழுந்து நடக்க மேலும் ஆறு நாள் ஆனது. ஆறு நாளும் நாரையே இலை பொறுக்கியது.

ஏழாம் நாள் நீர்க்கோழி நொண்டி நொண்டி வந்து, ஊற்றைச் சுற்றிப் பார்த்தது. நாரை தலைகுனிந்து நின்றது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க ஐயா," என்றது எப்சிபாள். "ஆனா, கல்லுக்கு அடியில ஒண்ணு கிடக்கு பாருங்க."

நாரை குனிந்து அதையும் எடுத்தது.

ஆண்டவருக்கென்று மனதாரச் செய்யும் வேலையில் சிறியது என்று ஒன்றுமே இல்லை.