மீன்சந்தைக்கு மேல் உடைந்த ஏவுகணை

இந்தக் கதையை ஒன்பது வருடமாக நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் என்மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது. சொன்னவர் என் மனைவியின் அண்ணன் அழிசி.

தீவுநாடு, மலைநாடு, துறைநாடு மூன்றும் ஒரே எதிரிக்குப் பயந்து கூட்டணி சேர்ந்தன. எதிரியின் ஏவுகணையைத் தீவுநாட்டு ராடார் பார்க்கும். மலைநாட்டு ஏவுகணை அதை வானிலேயே உடைக்கும். துறைநாட்டில் ஒரு கூட்டு அறை. அங்கே ராடாருக்கு அழிசி, ஏவுவதற்கு நன்னன், துறைநாட்டின் சார்பில் கோதை.

எதிரியின் ஏவுகணை ராடார் கண்ணில் பட்டதிலிருந்து துறைநாட்டுத் தலைநகரில் விழ ஏழு நிமிடம். முதல் நான்கு நிமிடம் வெறுங்கடல், அப்புறம் தீவுநாட்டு ஊர்கள். அமைச்சகம் பார்த்து அனுமதிக்காமல் தீவுநாட்டிலிருந்து எந்தத் தகவலும் வெளியே போகாது. பயிற்சி நாட்களில் மட்டும் அதைத் தளர்த்தினார்கள். முப்பது பயிற்சி. முப்பதிலும் சிதறல் கடலில்தான் விழுந்தது. விருந்து சாப்பிட்டுப் படம் பிடித்துக்கொண்டார்கள். தரையில் விழுந்தால் என்ன செய்வது என்பதைப் ‘பிறகு பேசலாம்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள்.

ஒருநாள் காலை நிஜமான ஏவுகணை வந்தது. கூட்டு அறையின் திரையில் தெரிந்தபோது மூன்று நிமிடமே மீதி.

“அடிக்காதீங்க நன்னன்! கீழே எங்க மீன்சந்தை. ஜனம் நெரியுது!” என்றார் அழிசி.

“எங்க ஊர்ல நாலு லட்சம் பேர் இருக்காங்கய்யா! கூட்டணின்னா போட்டோவுக்கு நிக்கிறது மட்டும்தானா?” என்று கோதை கத்தினார்.

நன்னன் பொத்தானை அழுத்தினார். நகரம் பிழைத்தது. சிதறல் விழுந்து சந்தையில் அறுபத்திரண்டு பேர் செத்தார்கள்.

துறைநாடு அவருக்குப் பதக்கம் அறிவித்தது. மலைநாடு அவரைத் தீவுநாட்டிடம் பிடித்துக்கொடுத்தது, நட்பு கெடக்கூடாதாம். ஒன்பது வருடமாக நடக்கும் வழக்கில் தீவுநாட்டு அமைச்சகம் தூக்குத்தண்டனை கேட்கிறது. முக்கிய சாட்சி அழிசி.

தடுத்தவர், கத்தியவர், அழுத்தியவர். இதில் யார் செய்தது சரி?

நன்னன்தான் என்பேன். ஆனால் இந்த மூவரையே நம் முன் நிறுத்தி, வேறு யாரையும் பார்க்கவிடாமல் செய்துவிட்டார்கள். கடல்மேல் பறந்த நான்கு நிமிடமும் ராடார் படம் அமைச்சகத்தில் அனுமதிக்குக் காத்துக் கிடந்தது. அப்போதே அறைக்கு வந்திருந்தால் சிதறல் மீன்கள்மேல் விழுந்திருக்கும், மீன்காரர்கள்மேல் அல்ல. நேற்று, கடைசி சாட்சியத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய அழிசியை வாசலில் மறித்தேன்.

“மச்சான், அந்த நாலு நிமிஷத்தை இன்னைக்காவது சொல்லப்போறீங்களா, இல்ல அந்த மனுஷனைத் தூக்குல தொங்க விடப்போறீங்களா?”