இருவாட்சியின் வாய்வுப் பிடிப்பு

மலைக்காட்டில் உயரமான ஒரு மரத்தின் பொந்துக்குள் வெண்விழி என்ற பெண் இருவாட்சிப் பறவை இரண்டு குஞ்சுகளோடு இருந்தது. அதன் கணவன் பெயர் பொன்னலகன்.

இருவாட்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஓர் அலகு நுழையும் சந்து மட்டும் விடும். அதன் இறகுகளும் உதிர்ந்துவிடும். குஞ்சுகள் வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தச் சந்து வழியே ஊட்டவேண்டும். அது வராவிட்டால் உள்ளே இருக்கிற உயிர்களுக்கு வேறு கதி இல்லை.

பொன்னலகனுக்கு நடுவயது. பதினைந்து வருடமாக ஒரு நாளும் ஊட்டத் தவறியதில்லை. ஆனால் இந்த வருடம் மேலே ஏறிப் பறந்தால் மூச்சு வாங்கியது. நெஞ்சில் கல்லை வைத்தது போல இருந்தது. அதனால் பாதி வழியில் ஒரு பட்டமரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும்.

அந்த மரத்து மலையணில் கேட்டது: "என்ன மாமா, இங்கேயே உட்கார ஆரம்பிச்சுட்டீங்க?"

"சும்மாதான். காட்டை நின்னு பார்த்து ரொம்ப நாளாச்சு."

"காட்டைப் பார்க்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டா பார்ப்பாங்க?"

பொன்னலகன் சிரித்து மழுப்பியது. "வாய்வுப் பிடிப்புப்பா. காட்டு இஞ்சியைக் கடிச்சா ஒரு ஏப்பத்திலே சரியாயிடும்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. மரங்கொத்தி அக்காகிட்ட ஒருதரம் காட்டினா என்ன? மரத்தைத் தட்டியே உள்ளே உளுத்திருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்களே."

"பிள்ளைங்க பறக்கட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

"உங்க மூத்த பிள்ளைங்க பறந்துபோய், அதுங்களுக்கே பிள்ளை வந்தாச்சு மாமா."

பொன்னலகன் கிளம்பிவிட்டது. அது பழம் குறைந்த மாதம் வேறு. கிடைத்த அத்திப்பழத்தையெல்லாம் கூட்டுக்கே கொண்டுபோனது. தன் வயிற்றுக்கு ஒன்றும் போடவில்லை.

சாயங்காலம் ஆண் பறவைகளெல்லாம் ஒரே மரத்தில் வந்து அடையும். அங்கே முரட்டுச்சிறகன் என்ற பறவையின் பேச்சுதான் எடுபடும். "இன்னைக்கு மூணு மலை தாண்டிப் போய் வந்தேன். என்ன பொன்னலகா, உனக்கு முடியலையா?"

"யாருக்கு முடியலை? நாளைக்கு வா, பார்க்கலாம்" என்று பொன்னலகன் நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது. நிமிர்த்தியபோது வலித்தது. அதையும் காட்டிக்கொள்ளவில்லை.

பொந்துக்குள் இருக்கிற வெண்விழிக்குச் சந்து வழியே கணவனின் அலகு மட்டும்தான் தெரியும். ஆனால் காது இருக்கிறதே. இருவாட்சியின் சிறகுச் சத்தம் வெகுதூரம் கேட்கும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் அடிவாரத்திலிருந்து கூடுவரைக்கும் நிற்காமல் வரும். இப்போது நடுவில் நின்று நின்று வந்தது. தினமும் விடியும்போது வெண்விழி கண்ணை மூடி, "கடவுளே, இன்னைக்கும் அந்தச் சத்தம் வந்து சேரணும்" என்று வேண்டிக்கொள்ளும்.

ஒருநாள் நடுப்பகலில் சத்தம் பாதியில் நின்றது. நெடுநேரம் ஆகியும் திரும்பக் கேட்கவில்லை.

பொன்னலகன் மயங்கிப் புதருக்குள் விழுந்து கிடந்தது. மலையணில் ஓடிப்போய் ஈர இலையை முகத்தில் தேய்த்து எழுப்பியது.

கண் விழித்ததும் பொன்னலகன், "அவகிட்ட சொல்லிடாதே" என்றது. பிறகு கிளை கிளையாகத் தாவிக் கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. குஞ்சுகளுக்கு ஊட்டியது. மிச்சப் பழத்தை மனைவிக்கு நீட்டியது. வெண்விழி வாயைத் திறக்கவில்லை.

"ஏன், பழம் புளிக்குதா?"

"நீங்க இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

பொன்னலகன் பழத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டியது.

"சத்தம் பாதியிலே நின்னுபோச்சே."

"எதிர்க்காத்து ஜாஸ்தி."

"இன்னைக்கு ஒரு இலைகூட அசையலை."

"உள்ளே கிடக்கிறவளுக்கு எதுக்குக் கவலைன்னுதான்..."

வெண்விழி குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க விழுந்துட்டா நாங்க மூணு பேரும் பட்டினிதான். அந்தப் பட்டினியை நான் இன்னைக்கே ஆரம்பிச்சுக்கிறேன். பிள்ளைங்களுக்கு ஊட்டுங்க. மரங்கொத்தி அக்கா உங்க நெஞ்சைப் பார்த்து என்ன சொன்னாங்கன்னு வந்து சொல்ற வரைக்கும் என் வாயிலே பழம் படாது."

பொன்னலகன் கோபித்துப் பார்த்தது. கெஞ்சிப் பார்த்தது. சந்துக்கு அந்தப் பக்கம் வேண்டுதல் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. மறுநாள் காலையிலும் வெண்விழி வாய் திறக்கவில்லை. அதற்குமேல் பொன்னலகனுக்குத் தாங்கவில்லை. மலையணிலைக் கூட்டிக்கொண்டு மரங்கொத்தியிடம் போனது.

மரங்கொத்தி நெஞ்சை மெதுவாகத் தட்டி, காது வைத்துக் கேட்டது. "எத்தனை நாளா இப்படி?"

"நேத்திலேருந்துதான்."

மலையணில் தொண்டையைச் செருமியது.

"சரி, ரெண்டு மாசமா."

"வாய்வும் இல்லை, ஒண்ணும் இல்லை. நெஞ்சு களைச்சுப் போயிருக்கு" என்றது மரங்கொத்தி. "நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. காலையிலே முதல் பழம் உங்க வயித்துக்கு. நான் தர்ற பட்டையைத் தினமும் மெல்லணும். பத்து நாளைக்குப் பழம் தேடி அலையக் கூடாது."

"பத்து நாளா? கூட்டுக்கு யார் பழம் கொண்டுபோறது?"

"கூட்டாளிங்க இல்லையா? வாயைத் திறந்து கேளுங்க."

பொன்னலகன் மெல்ல மெல்லக் கூட்டுக்குப் போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னது. சொன்ன பிறகு ஒரு பழத்தைத் தான் தின்றது. அடுத்த பழத்துக்கு வெண்விழி வாயைத் திறந்தது.

அன்று சாயங்காலம் கூட்டாளிகளிடம் பேசினதுதான் அதற்கு மலை ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. "எனக்கு உடம்பு முடியலைப்பா. பத்து நாளைக்கு என் கூட்டைப் பார்த்துக்கணும்."

கேலி வரப்போகிறது என்று பொன்னலகன் தலையைக் குனிந்துகொண்டது.

முரட்டுச்சிறகன்தான் முதலில் பேசியது. "தெற்கே அத்தி பழுத்திருக்கு. எனக்குப் போற வழிதான். காலையிலே நான் கொடுத்துடறேன்."

"மத்தியானம் நான்" என்றது இன்னொரு பறவை.

பத்து நாளும் கூட்டில் யாருக்கும் பசி இல்லை. பதினோராம் நாள் பொன்னலகன் மறுபடி நெஞ்சைக் காட்டப் போனது. அங்கே இலை மறைவில் முரட்டுச்சிறகன் உட்கார்ந்திருந்தது.

"நீ எங்கேடா இங்கே?"

"உனக்குத் துணையா வந்தேன்."

"நான் வர்றதுக்கு முன்னாலேயேவா?"

முரட்டுச்சிறகன் கிளையைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரியிலே மூச்சு முட்டுது பொன்னலகா. யார்கிட்டேயும் சொல்லலை" என்றது.

பொன்னலகன் நகர்ந்து வழிவிட்டது. "முதல்ல நீ காட்டு. நான் இங்கேயே இருக்கேன்."

வீட்டைத் தாங்குகிறவன் தன் வலியை மறைத்தால் வீடே பட்டினி கிடக்கும். நேரத்தோடு வாய்விட்டுச் சொன்னால் அவனும் பிழைப்பான், அவனை நம்பியவர்களும் பிழைப்பார்கள்.